மூன்று கொட்டேஷனும் ஒரு விலாசமும்

அப்பாவுக்கு எதை வாங்குவதாக இருந்தாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். மிக்ஸி கெட்டுப்போனால்கூட மெயின் பஜாரில் மூன்று கடை ஏறி இறங்கி, விலை கேட்டு, ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டு வருவார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. அங்கே ஒரு ரோலர் வாங்குவதற்கும் அப்படித்தான் நடக்கும். அந்தத் தாளுக்குக் கம்பெனி வழக்கில் 'கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட்' என்று பெயர். அம்மாவையும் மூன்று கொட்டேஷன் பார்த்துத்தான் கட்டினீர்களா என்று நான் கேட்பதுண்டு. ஆமாம், நான்தான் லோயஸ்ட் என்று அம்மா அடுக்களையிலிருந்து சொல்வாள்.

நான் வாங்கப் போனது ஒரு கடை. இணையத்தில் திறக்கிற கடை. இரண்டாயிரத்துப் பத்துகளின் நடுவில், செல்போனிலேயே துணிமணி வாங்க ஜனங்கள் பழகத் தொடங்கியிருந்த காலம் அது. கல்யாணம் முறிந்து சென்னையிலிருந்து நெய்வேலிக்கு, அப்பாவின் குவார்ட்டர்ஸுக்கே திரும்பி வந்திருந்தேன். கம்ப்யூட்டர் சயன்ஸ் படித்தவளுக்கு நிலக்கரி ஊரில் என்ன வேலை இருக்கிறது? அம்மாவின் தையல் மெஷினில் போய் உட்கார்ந்தேன். பிறந்த குழந்தைகளுக்குப் போடும் ஜபலா தைத்தோம். மெல்லிய மல் துணி, பக்கவாட்டில் முடிகிற நாடா, உடம்பில் குத்துகிற பட்டனோ ஊக்கோ எதுவும் கிடையாது. பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்த பெண்கள் நாலைந்து பேருக்குக் கொடுத்ததுதான் ஆரம்பம். அவர்கள் குழந்தையோடு புருஷன் ஊருக்குப் போய், அங்கிருந்து ஃபோன் செய்து இன்னும் கேட்டார்கள். அவர்களின் பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். ஓசூரில் இருக்கிறவளுக்கும் பரோடாவில் இருக்கிறவளுக்கும் ஃபோனிலேயே எத்தனை நாள் வியாபாரம் செய்ய முடியும்?

இதில் அவசரம் என்னவென்றால், அடுத்த கோடையில் அப்பாவுக்கு ரிட்டயர்மென்ட். எங்கள் ஊரில் ரிட்டயர்மென்ட் என்றால் சம்பளத்தோடு வீடும் போய்விடும். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எல்லாரும் டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டுக்கு வெளியே போயாக வேண்டும். மாதாமாதம் பென்ஷன் என்று வருவது பேருக்குத்தான். மொத்தமாக வருகிற செட்டில்மென்ட்தான் மிச்ச வாழ்க்கைக்கு. அதற்குள் கடை நடக்கத் தொடங்கிவிட வேண்டும் என்று எனக்குள் ஒரு வெறி. அப்பா கையை இன்னொரு முறை நம்பி நிற்க எனக்கு மனமில்லை.

அப்பாவுக்கு வேறொரு பயம். அத்தனை வருஷ சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவர் அவர். லீவு எடுத்தால் முன்கூட்டியே எழுதிக் கொடுப்பார், ஷிஃப்ட்டுக்குக் கால் மணி முன்னால் போய் நிற்பார். அவரோடு வேலைக்குச் சேர்ந்த ஒருவர் மேல் ரிட்டயர் ஆகிற சமயத்தில் ஏதோ ஒரு விசாரணை முடியாமல் கிடந்தது. அதனால் செட்டில்மென்ட் நின்றுபோய், மனுஷன் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து, பெண்ணின் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டதை நாங்கள் பக்கத்திலிருந்து பார்த்தோம். கடைசி வருஷம் கண்ணாடி மேல் நடக்கிற மாதிரி நடக்கணும் என்று அப்பா அடிக்கடி சொல்வார். கேட்டுக் கேட்டு எனக்கு எரிச்சல்தான் வந்தது.

இணையக் கடை திறக்க மூன்று வழி இருந்தது. ஒன்று, எல்லாரும் வாங்குகிற பெரிய சந்தைத் தளத்தில் நாமும் ஒரு மூலையில் இடம் பிடிப்பது. கூட்டம் அவர்களுடையது, கூரியர் அவர்களுடையது. விற்றதில் ஒரு பங்கு அவர்களுக்கு. வாங்குகிறவளுக்கு நம் கடைப் பெயர் ஒரு பொருட்டே இல்லை. இரண்டாவது, மாதா மாதம் வாடகை கட்டி ஒரு தளத்தில் தனிக்கடை எடுப்பது. அலமாரி, கல்லாப்பெட்டி, பூட்டு எல்லாம் அவர்களே தருவார்கள், நாம் பொருளை அடுக்கிப் பெயர்ப்பலகை மாட்டினால் போதும். மூன்றாவது, இலவசமாகக் கிடைக்கிற மென்பொருளை இறக்கி, சர்வரில் கொஞ்சம் இடம் பிடித்து, நாமே செங்கல் செங்கலாகக் கட்டுவது.

எனக்கு மூன்றாவதுதான் வேண்டும். படித்த படிப்பு துருப்பிடித்துக் கிடக்கிறதே என்கிற ஆத்திரம் ஒரு பக்கம். யாருடைய தயவிலும் இருக்கக் கூடாது என்கிற வீம்பு இன்னொரு பக்கம். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. ஸ்டேட்மென்ட் போடு என்றார். போட்டேன். அதில் அவர் பங்குக்குச் சேர்த்த கட்டங்களைப் பார்த்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. டெலிவரி காலம், வாரண்டி, பேமென்ட் கண்டிஷன், எல்லாவற்றுக்கும் கீழே தடித்த எழுத்தில் 'கம்ப்ளெயின்ட் எங்கே கொடுப்பது'. குவார்ட்டர்ஸ்வாசிகளுக்கு அதுதான் முக்கியம். குழாய் ஒழுகினாலும் ஃபேன் நின்றாலும் டவுன்ஷிப் ஆபீஸில் கம்ப்ளெயின்ட் எழுதிவிட்டு வருவோம், ஆள் வந்து சரிசெய்வார். வாஷர் மாற்றுவது எப்படி என்று எனக்குத் தெரிந்த டவுன்ஷிப் ஆண்கள் ஒருவருக்கும் தெரியாது.

"இலவசம்னா அதுதான் எல்-ஒன். எனக்கும் தெரியுது," என்றார் அப்பா. குறைந்த விலை சொன்னவரைக் கம்பெனியில் அப்படித்தான் குறிப்பிடுவார்கள். "ஆனா ராத்திரி கடை படுத்துக்கிச்சுன்னா யாருக்கு ஃபோன் பண்ணுவ?"

எனக்கே பண்ணிக்கொள்வேன் என்றேன். ட்ரையல் ரன் பார்த்துவிடலாம் என்றார். எந்த மெஷினும் ட்ரையல் ரன் இல்லாமல் ஓடத் தொடங்கக் கூடாது அவருக்கு. வாரக் கணக்கில் உட்கார்ந்து இலவச மென்பொருளில் ஒரு கடையைக் கட்டினேன். வெள்ளை ஜபலாவைப் படம் எடுப்பதே ஒரு போராட்டம். துவைத்து வெளியே காயப்போட்டால் நிலக்கரித் தூசி மிளகுப்பொடி தூவினாற்போல் வந்து உட்காரும். வீட்டுக்குள் கொடி கட்டி, ஃபேனுக்கடியில் காயவைத்துப் படம் எடுத்தேன். ட்ரையல் அன்று அம்மா தன் செல்லில் கடையைத் திறந்து, இரண்டு ஜபலாவைக் கூடையில் போட்டு, பணம் கட்டும் பட்டனை அழுத்தினாள். திரை வெளுத்துப்போய் நின்றது. எழுத்து இல்லை, படம் இல்லை, வெறும் வெள்ளை. முதல் நாள் நான் அப்டேட் செய்த ஏதோ ஒரு துணை நிரல் இன்னொன்றோடு முட்டிக்கொண்டுவிட்டது. சரிசெய்ய எனக்கு ஒரு பகல் முழுக்க ஆனது. அப்பா ஸ்டேட்மென்ட்டை எடுத்துவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு ஷிஃப்ட்டுக்குப் போனார். திட்டியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

சந்தைத் தளம் வேறொரு காரணத்தால் தட்டிப்போனது. அவர்கள் வரிப் பதிவு எண் கேட்டார்கள். அதை வாங்க, வியாபாரம் நடக்கிற இடத்துக்கு ஆதாரம் கேட்டார்கள். நம் பேரில் மின்கட்டண ரசீது, இல்லையென்றால் வாடகை ஒப்பந்தம். குவார்ட்டர்ஸில் குடியிருப்பவனுக்கு இரண்டும் கிடையாது. கரண்டுக்கும் வாடகைக்கும் சம்பளத்திலேயே பிடித்துவிடுவார்கள். இபி பில் இல்லாத ஊரில் பிறந்தது என் குற்றமா என்று அந்தக் கட்டத்தில் சிவப்புப் பேனாவால் ஒரு கோடு போட்டேன். அப்பாவும் தலையாட்டினார். சின்ன வியாபாரம்தானே, இப்போதைக்கு அந்த எண் இல்லாமலே ஓட்டலாம் என்று பேசிக்கொண்டோம். ஏன் அப்படி ஓர் ஆதாரம் கேட்கிறார்கள், நம்மிடம் ஏன் அது இல்லை என்று ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

ஆக, மாத வாடகைத் தளம். அப்பா அவர்களின் உதவி எண்ணுக்குத் தானே ஃபோன் செய்து, பேசிய பெண்ணின் பெயரைக் கேட்டு, கம்ப்ளெயின்ட் கொடுத்தால் நம்பர் தருவீர்களா என்று கேட்டார். தருவோம் சார் என்றாள். அவருக்கு அதுவே போதும். எனக்கும் ரோஷம் அடங்கி ஒரு நிம்மதி வந்தது உண்மை. இரண்டே நாளில் கடை எழுந்து நின்றது. பணம் வசூலித்துத் தருகிற நிறுவனத்தார் மட்டும் ஒரு கண்டிஷன் போட்டார்கள். 'தொடர்புக்கு' என்கிற பக்கத்தில் கடையின் முழு விலாசம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அனுமதி கிடையாது. அதற்கென்ன என்று தட்டத் தொடங்கினேன். அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்து, பிளாக்கை முதலில் போடு, அடுத்தது ரோடு, அப்புறம் குவார்ட்டர் நம்பர் என்று சொல்லச் சொல்ல அடித்தேன். பின்கோடில் ஒரு எண்ணைத் தவறாக அடித்துவிட்டேன், அதையும் அவர்தான் திருத்தினார்.

அந்த விலாசத்தில்தான் நான் பிறந்தேன். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, என் கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றிலும் அதுதான் இருக்கிறது. வெளியூரில் வாடகை வீட்டில் இருக்கிறவன் என்றால் கடை போடும் முன் வீட்டுக்காரரைக் கேட்டிருப்பான். கம்பெனியை வீட்டுக்காரர் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. நெய்வேலிக்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு அது.

கடை திறந்து சில வாரம் எல்லாம் நன்றாகவே போனது. ஒரு நாள் மத்தியானம், அப்பா முதல் ஷிஃப்ட் முடித்து வந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது செல்லில் மணி அடித்தது. புது ஆர்டர், ஆறு ஜபலா, பொருள் வந்ததும் பணம் கொடுக்கிற முறையில். விலாசத்தை உரக்கப் படித்தேன். நெய்வேலி என்று வந்ததும் அம்மாவுக்குச் சந்தோஷம், நம்மூரிலேயே வாங்குகிறார்களே என்றாள். பிளாக் பெயரையும் ரோட்டையும் வீட்டு எண்ணையும் படித்தேன். அப்பாவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

அது பெரிய அதிகாரிகளுக்கான பங்களாக்கள் இருக்கிற ரோடு. அந்த எண்ணுள்ள பங்களாவில் இருப்பவர், குவார்ட்டர்ஸ் ஒதுக்குகிற ஆபீஸுக்குத் தலைமை. ஆர்டர் அவர் மனைவியின் பெயரில் வந்திருந்தது.

"குவார்ட்டர்ஸ் குடுத்தப்ப வந்த அலாட்மென்ட் ஆர்டர்ல போட்டிருக்கான்," என்றார் அப்பா மெதுவாக. "குடியிருக்க மட்டும். வேற எதுக்கும் கூடாதுன்னு."

அதற்கு அர்த்தம் மூவருக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது. குவார்ட்டர்ஸில் வியாபாரம். அதையும் ஊர் உலகத்துக்கே தெரிகிற மாதிரி, பின்கோடோடு, நாங்களே எழுதிப் போட்டிருக்கிறோம். மெமோ, விசாரணை, நின்றுபோன செட்டில்மென்ட் என்று அப்பாவின் நண்பருடைய கதை முழுவதும் அந்தச் சாப்பாட்டு மேஜையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

ஆர்டரை ரத்து செய்துவிடு என்றாள் அம்மா. ரத்து செய்து என்ன பயன்? ஆர்டர் போட்ட நிமிஷமே தளம் தானாக ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடும், அதன் அடியில் எங்கள் விலாசம் இருக்கும். சரி, தளத்திலிருந்தாவது எடுத்துவிடலாம் என்று விலாசத்தை அழித்துச் சேமிக்கப் போனேன். விலாசம் கட்டாயம் என்று சிவப்பு எழுத்தில் வந்து நின்றது. உதவி எண்ணைக் கூப்பிட்டேன். வேறு விலாசம் கொடுங்கள் மேடம், மாற்றித் தருகிறோம் என்றார்கள். வேறு விலாசம்.  விருதுநகர்ப் பக்கம் அப்பாவின் பூர்விக வீடு பங்கு பிரித்து எப்போதோ விற்றாகிவிட்டது. அம்மா பிறந்த வீட்டில் மாமா பிள்ளைகள் இருக்கிறார்கள். மூன்று பேர் ஒரு ஆயுள் முழுக்க வாழ்ந்து, சொந்தமாக எழுதிக்கொள்ள ஒரு வரி விலாசம் இல்லை. அந்த நிமிஷம் பயத்தைவிட அவமானம்தான் எனக்குப் பெரிதாக இருந்தது.

அவமானம் வந்தால் எனக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் வாய் நிற்காது. கம்ப்ளெயின்ட் நம்பர் தருவார்கள் என்று இந்தத் தளத்தை எடுத்தீர்களே, இப்போது கம்ப்ளெயின்ட் கொடுங்கள் என்று அப்பாவிடம் கத்தினேன். நான் கட்டிய கடையாக இருந்தால் பார்சல் மேல் ஒட்டுகிற லேபிளிலிருந்தும் மின்னஞ்சலிலிருந்தும் விலாசத்தை என் கையாலேயே எடுத்திருப்பேன், எல்லாவற்றையும் உங்கள் ஸ்டேட்மென்ட் கெடுத்தது என்றேன். அவர் எழுந்து போய்க் கை கழுவிக்கொண்டு வந்தார்.

"மறைச்சுட்டா மட்டும் இங்க கடை இல்லேன்னு ஆயிடுமா? ஆர்டர் எடுத்தாச்சு. பேக் பண்ணு," என்றார்.

பேக் செய்தேன். ஒவ்வொரு ஜபலாவையும் அம்மா ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் தூசி இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து மடித்தாள்.  சாயங்காலம் கூரியர்காரர் வந்தார். குறிஞ்சிப்பாடிக்காரர், வயதானவர், எப்போதும் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவார். லேபிளைப் பார்த்துச் சிரித்தார்.

"பக்கத்து பிளாக்குக்குத்தாங்க போவுது. ஆனா நான் கையோட குடுத்துட முடியாதுங்க. கடலூருக்கு எடுத்துகினு போயி, அங்கேர்ந்து மெட்ராசுக்குப் போயி, சுத்திகினுதான் திரும்பி வரும்."

நாங்கள் நடந்தே கொடுத்துவிட்டு வரக்கூடிய பார்சல் சென்னைக்குக் கிளம்பியது.

 மின்னஞ்சல் முன்பே போயிருந்தாலும், எங்கள் விலாசம் ஒட்டிய பார்சல் அந்த வீட்டு வாசலில் போய் இறங்குவதுதான் எங்களுக்குக் கெடு மாதிரி ஆகிவிட்டது. அப்பா வேலையிலிருந்து வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல், எங்கே இருக்கிறது என்று கேட்பார். நான் செல்லில் பார்த்துச் சொல்வேன். கடலூரைத் தாண்டிவிட்டது. சென்னைக் கிடங்கில் இருக்கிறது. இன்னும் சென்னையில்தான். அம்மா தையல் மெஷினைப் போர்வையால் மூடிவைத்தாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் துணி மூட்டைகளை உள்ளறைக் கட்டிலுக்கடியில் தள்ளுவாள். வேறு ஊர் ஆர்டர்கள் வந்துகொண்டிருந்தன, தைக்கிற சத்தம் வெளியே கேட்குமோ என்று தைக்கவும் பயம். கம்பெனி ஜீப் ஒன்று எங்கள் ரோட்டில் திரும்பினால் மூவரும் பேச்சை நிறுத்திவிடுவோம். ஜீப் தெருவிளக்கு மாற்ற வந்திருக்கும்.

பார்சல் மறுபடி கடலூருக்கு வந்துவிட்டது என்று செல்லில் காட்டிய காலையில், அப்பா லீவு எழுதிக் கொடுத்திருந்தது எனக்குத் தெரிந்தது. இஸ்திரி போட்ட சட்டையோடு ஹாலில் நின்று என்னைக் கூப்பிட்டார். கிளம்பு, ஆபீஸுக்குப் போகணும் என்றார். எதற்கு என்று கேட்டேன். கடை உன்னுடையது, நீயும் வரணும் என்றார்.

அந்த அதிகாரியின் அறையில் ஏசி ஓடிக்கொண்டிருந்தும் எனக்கு வியர்த்தது. கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர், மரியாதையாக உட்காரச் சொன்னார். அப்பா உட்காரவில்லை. என் பெண் குவார்ட்டர்ஸில் இருந்துகொண்டு இணையத்தில் வியாபாரம் செய்கிறாள், விதிக்குப் புறம்பானது என்று யோசிக்காமல் செய்துவிட்டோம், வேறு இடம் பார்க்க அவகாசம் கொடுங்கள் என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். அதிகாரி எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் வீட்டுக்கு வருகிற பார்சலைப் பற்றி அப்பா சொன்னபோது அவர் முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. பெண்ணுக்குப் பிரசவ நேரம், மனைவி என்னென்னவோ வாங்கிக்கொண்டிருக்கிறாள், எங்கிருந்து என்றெல்லாம் நான் கேட்டதில்லை என்றார். பேனாவை மூடி மேஜை மேல் வைத்தார்.

"எனக்கு இது தெரியவே தெரியாதுங்க. நீங்க வந்து சொல்லாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கவும் போறதில்ல. இப்ப சொல்லிட்டீங்க. இனி நான் சும்மா இருந்தா அது என் தப்பாயிடும்."

வெளியே வந்தோம். ஸ்கூட்டர் ஸ்டாண்டிலேயே அப்பாவிடம் வெடித்தேன். அவருக்குத் தெரியாதாம். பார்சல் வந்திருக்கும், அவர் மனைவி பணத்தைக் கொடுத்துவிட்டுக் குழந்தைக்குப் போட்டிருப்பாள், அதோடு முடிந்திருக்கும். சும்மா கிடந்ததை நீங்களே போய்க் கிளறிவிட்டு வந்தீர்கள். கோடையில் செட்டில்மென்ட் நின்றுபோனால் அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பீர்கள்? சுற்றிலும் ஆட்கள் இருக்கிறார்கள் என்கிற நினைப்பே எனக்கு இல்லை. அப்பா ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நான் முடிக்கிறவரைக்கும் நின்றார்.

"செருப்புச் சத்தம் கேட்டா உங்கம்மா மூட்டையைக் கட்டிலுக்கடியில தள்ளுறா. நான் பாத்துக்கிட்டேதான் இருக்கேன்," என்றார். "உன் கடை திருட்டுக் கடை இல்லம்மா."

எனக்குக் கோபம் இன்னும் கூடியது. பல நாள் அவரோடு நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. பார்சல் போய்ச் சேர்ந்தது, பணமும் வந்தது. அதே வாரத்தில் மெமோவும் வந்தது. அப்பா அதைக் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு வந்து சாமி மாடத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அவர் வாழ்க்கையில் வாங்கிய முதல் மெமோ. விளக்கக் கடிதத்தை ஆபீஸ் இங்கிலீஷில் அவரே எழுதினார். மகள் செய்தாள் என்று அதில் ஓரிடத்திலும் இல்லை. என் கவனக்குறைவால் என்று இருந்தது. அடித்துவிட்டு மாற்றி எழுதச் சொல்லிச் சண்டை போட்டேன். குவார்ட்டர் என் பேரில்தானே இருக்கிறது என்று சொல்லிவிட்டு உறையை ஒட்டினார்.

ஆர்ச் கேட்டுக்கு வெளியே இந்திரா நகரில், ஒரு மருந்துக் கடையின் பின்பக்கத்தில் அறை கிடைத்தது. மெஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனோம். கரண்ட் நிற்காத டவுன்ஷிப்பிலிருந்து வந்த அம்மாவுக்கு அங்கே கரண்ட் கட் புதுசு. பாதித் தையலில் மெஷின் மோட்டார் நின்றுபோனால் என்ன செய்வதென்று தெரியாமல் என்னைப் பார்ப்பாள். உதவி எண்ணைக் கூப்பிட்டு விலாசத்தை மாற்றச் சொன்னேன். அடுத்த லேபிளிலேயே புது விலாசம் வந்தது. ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும், நான் கட்டிய கடையாக இருந்தால் எங்கெங்கே அந்தப் பழைய விலாசம் ஒளிந்திருக்கிறது என்று தேடிக்கொண்டே இருந்திருப்பேன். கட்டங்களையெல்லாம் வைத்துப் பார்த்தால் அப்பா எடுத்த முடிவுதான் சரி. அதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

குவார்ட்டர்ஸைச் சோதிக்க இரண்டு பேர் வந்தார்கள். அறை அறையாகப் பார்த்தார்கள், காபி குடித்தார்கள், போனார்கள். ஆனால் ஃபைல் முடிந்தபாடில்லை. மாதங்கள் போயின. அப்பா ஷிஃப்ட் முடிந்து நேராக ஆபீஸுக்குப் போய், இன்னும் மேலே இருந்து வரவில்லை என்கிற பதிலோடு திரும்பி வருவார். அம்மா சாமான்களைக் கட்டத் தொடங்கிவிட்டாள். எங்கே போவது என்று முடிவாகாமலே கட்டினாள். நான் அந்தப் பின்னறையில் உட்கார்ந்து இருட்டும்வரை தைத்தேன். செட்டில்மென்ட் வராமல் போனால் இந்தக் கடைதான் மூன்று பேருக்கும் சோறு என்று எண்ணி எண்ணித் தைத்தேன். எனக்கு அப்போது ஆர்டர் வந்தால் சந்தோஷமே வராது.

ரிட்டயர் ஆகிற மாதத்தின் தொடக்கத்தில்தான் கடிதம் வந்தது. எச்சரிக்கையோடு முடித்துவைக்கப்படுகிறது, எச்சரிக்கை சர்வீஸ் பதிவில் சேர்க்கப்படும். செட்டில்மென்ட்டுக்குத் தடை இல்லை. அம்மா கடிதத்தை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா எச்சரிக்கை பற்றிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். தப்பித்துவிட்டோம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தபோது, சர்வீஸ் பதிவில் ஏறிவிட்டதே என்கிற துக்கம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. அதைக் கொடுத்தவள் நான். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. தைக்க வேண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டு இந்திரா நகருக்குப் போய்விட்டேன்.

பிரிவு உபசார விழா சுரங்கத்துக் கேன்டீன் ஹாலில் நடந்தது. மாலை, சால்வை, குடும்பத்தோடு முன்வரிசையில் நாற்காலி. அந்த விழாக்களில் எல்லாருக்கும் ஒரே பேச்சுத்தான். பிரிவின் தலைவர் மைக்கைப் பிடித்து, நேரம் தவறாதவர், யாரிடமும் கோபப்படாதவர் என்று வழக்கமான வரிசையில் சொல்லிக்கொண்டே வந்து, இத்தனை வருஷ சர்வீசில் ஒரு மெமோகூட வாங்காதவர் என்றார். கைதட்டினார்கள். அவருக்குத் தெரியாதோ, தெரிந்தும் கண்டுகொள்ளாமல் விட்டாரோ. நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். அம்மா என் கையை இறுக்கிப் பிடித்தாள். இப்படியே போய்விட்டால் போதும், யாரும் எதுவும் சொல்லாமல் சாப்பாட்டுக்கு எழுந்துவிட்டால் போதும் என்று இருந்தது.

அப்பாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள். மேடைப் பேச்சு அவருக்கு வராது. எல்லாருக்கும் நன்றி என்றார். ஒன்றிரண்டு பேரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். முடித்துவிட்டார் என்று சிலர் கைதட்டக்கூட ஆரம்பித்தார்கள்.

"சார் சொன்னதுல ஒரு திருத்தம்," என்றார். "நான் ஒரு மெமோ வாங்கியிருக்கேன். எம் பொண்ணு கடை வச்சிருக்கா, பச்சைக் குழந்தைங்களுக்கு ஜபலா தைக்கிறா. குவார்ட்டர்ஸ்ல வச்சதுக்காக எனக்கு மெமோ குடுத்தாங்க. சர்வீஸ் புக்ல இருக்கு. அதைச் சொல்லாம விட்டுடாதீங்க."

ஹாலில் சிரிப்பு எழுந்தது. பின்வரிசையிலிருந்து யாரோ கடைப் பேரைச் சொல்லுங்க அண்ணே என்று கேட்டார்கள். அப்பா மைக்கிலேயே ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லத் தொடங்கினார். நான் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். பல நாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருந்ததற்கெல்லாம் சேர்த்து அழுதேன்.